பிரேக்கில் வைத்த கால்

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால், அந்த நாட்களில் நான் பட்ட பயம் ஏதோ ஒரு பழைய காரைப் பற்றிய பயம் என்று தோன்றிவிடும்.

கண்டரமாணிக்கத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வருஷக்கணக்காகக் கிடந்த கார் அது. ஐம்பதுகளில் கப்பலில் வந்து இறங்கியது. வேளாண்மை அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற கையோடு அதை வாங்கிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தேன். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தேன், பெயின்ட் அடித்தேன், சீட்டுக்குப் புது உறை தைத்தேன். "ஒயரிங்கை யாரு பாத்தது?" என்று என் மனைவி கேட்டாள். அவள் பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். விளக்கெல்லாம் எரிகிறதே, அப்புறம் என்ன என்றேன்.

ஐப்பசியில் ஒருநாள் சாக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மனைவி முன்னால் என் பக்கத்தில். பின் சீட்டில் அவள் தங்கையும் தங்கை புருஷனும். நல்ல மழை. திடீரென்று வைப்பர் நின்றுவிட்டது. இறங்கி பானட்டைத் திறந்து பார்த்தேன். கண்ணாடிக் குழல் பியூஸ் ஒன்று கருத்துப்போயிருந்தது. கைவசம் ஒன்றுதான் இருந்தது, அதைப் போட்டேன். அடுத்த வேகத்தடையில் அதுவும் போனது. முதுகெல்லாம் நனைந்துவிட்டது, வண்டிக்குள்ளிருந்து என் மச்சினி புருஷன் "சரியாயிருச்சா அண்ணே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டிக்கியில் கிடந்த ஒரு பழைய ஒயரைப் பல்லால் உரித்து, உள்ளேயிருந்த செம்புக் கம்பியில் நாலைந்து இழையை முறுக்கி, போன பியூஸின் மேல் சுற்றி மாட்டிவிட்டேன். வைப்பர் ஓடியது. வீட்டுக்குப் போய் நல்ல பியூஸ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பானட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் செம்புக் கம்பி கண்ணில் படும். வண்டிதான் ஓடுகிறதே என்று மூடிவிடுவேன்.

மூன்று மாதம் போயிற்று. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகிற அன்று ஆட்டோவைக் கூப்பிடுகிறேன் என்றேன். "ஆட்டோ குலுக்கும்ப்பா, நம்ம கார்லயே போவோம்" என்றாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அவளும் அவள் அம்மாவும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். கால் நீட்ட வசதியாக இருக்கும் என்று அவள் நடுவில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

போகும்போது ஒன்றும் இல்லை. அந்த நேரம் ரோட்டில் வண்டி குறைவு, பிரேக்கையே அதிகம் தொடவில்லை. திரும்பும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். முன்னால் பஸ், பின்னால் லாரி. எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்பதால் ஓடவிட்டுக்கொண்டே நின்றேன். கேட்டை நோக்கி லேசான இறக்கம். கை பிரேக்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சோம்பல்பட்டு பிரேக்கில் கால் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ரப்பர் செருப்பு அடுப்பில் விழுந்தால் வருமே, அப்படி ஒரு நாற்றம். லாரிக்காரன் எதையோ எரிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

"என்னமோ கருகுதுங்க, பாருங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

சொல்லி முடிப்பதற்குள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. வெள்ளைப் புகை, பஞ்சு மாதிரி, மெதுவாக என் முழங்காலைச் சுற்றி ஏறியது. எனக்கு உடம்பு விறைத்துப்போய்விட்டது. அந்த விறைப்பில் கால் பிரேக்கை இன்னும் அழுத்தியது. புகை கூடியது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கையை உள்ளே விட்டு, பிடிபட்ட ஒயரை இழுத்தேன். உள்ளங்கையில் கோடு போட்ட மாதிரி சுட்டது.

"அப்பா, கதவு தொறக்க மாட்டேங்குது."

மகள் கத்தவில்லை. கடையில் ஏதோ சாமான் இல்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அந்தக் குரல்தான் எனக்குப் பெரிய பயம். அவள் அம்மா இடது பக்கக் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். ஆனால் அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்ற ஒரு தள்ளுவண்டி இடித்ததால் கதவு பாதிதான் திறந்தது, எட்டு மாத வயிற்றோடு மகளால் அதில் நுழைந்து வர முடியவில்லை. நான் கை பிரேக்கை இழுத்துவிட்டுக் குதித்து, வலது பக்கப் பின்கதவை வெளியிலிருந்து இழுத்தேன். ஒருமுறை வழுக்கியது. இரண்டாம் முறை திறந்தது. பின்னாலிருந்த லாரி டிரைவர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

ஜாக்கிக் கம்பியை எடுத்து பேட்டரியின் இணைப்பை அடித்துக் கழற்றினேன். புகை அடங்கியது. நான்தான் அணைத்தேன் என்று அன்று நம்பினேன்.

கேட்டுக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் மகளை உட்காரவைத்திருந்தார்கள். அவள் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, எதையோ காது கொடுத்துக் கேட்பவள் மாதிரி தலையைச் சாய்த்திருந்தாள்.

"அசைவே தெரியலம்மா" என்றாள்.

ஆட்டோ பிடித்து மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் என் மனைவி வாய்க்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஜெபம் வரவில்லை. செம்புக் கம்பிதான் வந்தது. கண்ணை மூடினாலும் அது, திறந்தாலும் அது. நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினாள். கரகரவென்று வெறும் இரைச்சல். இடம் மாற்றி வைத்தாள். மறுபடி இரைச்சல். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று, என் உள்ளங்கைக் கோட்டை நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு அந்தச் சத்தம் கேட்டது, குதிரை ஓடுகிற மாதிரி.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கு. இவுகதான் பயந்துபோயிருக்காக" என்றார் டாக்டரம்மா.

உள்ளங்கையிலிருந்து நகத்தை எடுத்தேன்.

காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டுக் கொட்டகையில் விட்டார்கள். மறுநாள் மனைவியும் மகளும் காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போன நேரத்தில் நான் கொட்டகைக்குப் போனேன். பானட்டைத் திறந்து செம்புக் கம்பி சுற்றிய பியூஸைக் கழற்றினேன். கம்பி நீலம் பாரித்திருந்தது. கடையிலிருந்து வாங்கிவைத்திருந்த புது பியூஸை மாட்டினேன். பழையதைப் பின்னால் கருவேலங்காட்டுக்குள் தூரமாக எறிந்தேன். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து கை கழுவினேன், சோப்புப் போட்டு இரண்டு தடவை.

அந்த வாரத்திலேயே ஒருவர் வந்தார். பழைய வீட்டை விடுதியாக்கி வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைக்கிறவர்களின் மேனேஜர். விருந்தாளிகளை ஊர் சுற்றிக்காட்ட இந்த மாதிரிக் கார் வேண்டும் என்று முன்பே ஒருமுறை கேட்டிருந்தார். உடனே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வண்டி கண்ணை விட்டுப் போனால் போதும்.

"ஒயரிங் கொஞ்சம் கருகியிருக்கு" என்றேன்.

"எங்க ஆளுக பாத்துக்குவாக சார்" என்றார் அவர்.

அவர் போனதும் மனைவி சொன்னாள். "எதுனால கருகுச்சுன்னு தெரியாம எப்படிக் குடுக்குறது? அதுல நாலு பேரு ஏறுவாகள்ல."

"அவுகதான் பாத்துக்கிறேங்கிறாகள்ல."

"நான் பாக்குறேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

வீட்டு மேசையில் அவள் வைத்திருந்த பவர் சப்ளையைக் கொட்டகைக்குத் தூக்கிவந்தாள். பேட்டரிக்குப் பதிலாகக் கரண்ட் கொடுக்கிற அது ரேடியோப் பெட்டி அளவுதான் இருக்கும். முன்னால் வோல்ட், ஆம்பியர் என்று இரண்டு எண்கள் ஒளிரும், இரண்டு திருகு, சிவப்பும் கறுப்புமாக முதலைவாய்க் கிளிப் வைத்த இரண்டு ஒயர். பேட்டரியை நான் வெளியே எடுத்துவிட்டேன். டேங்கிலிருந்த பெட்ரோலை கேனில் வடித்துத் தோட்டத்துக் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு வாளி மணல் அள்ளிவந்தேன். போதாது என்று மூன்றாவதும் கொண்டுவந்தேன்.

"இம்புட்டு மண்ணு எதுக்கு? பேட்டரின்னா கேக்குற கரண்டையெல்லாம் அள்ளிக் குடுத்துரும். இது அப்படிக் குடுக்காது" என்று இரண்டாவது திருகைக் காட்டினாள். "அரை ஆம்பியர்னு வச்சிருக்கேன். எங்க ஷார்ட் ஆனாலும் அதுக்கு மேல ஒரு சொட்டுப் போகாது. ஒயரு சுடக்கூடச் சுடாது."

எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவள் சுவிட்சைத் தொட்டபோது நான் ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன்.

கறுப்புக் கிளிப்பை வண்டியின் உடம்பில் மாட்டப் போனாள். "சிவப்பை மாட்டு. இந்த வண்டிக்கு உடம்புதான் பாசிட்டிவ்" என்றேன். அந்தக் காலத்து வண்டிகளில் அப்படி உண்டு. அவள் நிமிர்ந்து பார்த்து, "பரவால்லையே" என்று கிளிப்பை மாற்றினாள். அன்று காலையில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அடுத்து பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே வெள்ளிக் கம்பி பளபளவென்று இருந்தது.

"இது போகவே இல்லையே" என்றாள். "ஒயரே கருகியிருக்கு, பியூஸ் எப்படி நல்லா இருக்கு?"

"தெரியலையே" என்றேன்.

"அப்ப இந்த வழியா ஷார்ட் ஆகல. பியூஸ் இல்லாத ஒயருதான் எதாச்சும் போயிருக்கணும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் வரை அவள் ஹெட்லைட் ஒயர்களைத் தேடினாள், டைனமோவுக்குப் போகிறதைத் தேடினாள். ஒவ்வொன்றாகக் கழற்றி, கிளிப்பை மாட்டி, எண்ணைப் பார்த்து, நோட்டில் எழுதினாள். எல்லாம் சரியாக இருந்தது. அவள் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பது எனக்கு மட்டும் தெரியும். வெயில் தகரத்தில் இறங்கி அவள் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியது. நான் விசிறி எடுத்து வீசினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தாள். "கருகுன ஒயரு இந்தப் பியூஸுல இருந்துதான் வருது. எனக்குப் புரியவே மாட்டேங்குது" என்றாள். பிறகு, "சரி, கருகுன எடம் வேற, காரணமான எடம் வேற. இதையும் பாத்துருவோம்" என்று கருகிய துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஒயரை இணைத்தாள். அந்தப் பியூஸில் ஓடுகிற வைப்பர், மீட்டர், பின் விளக்குப் பல்புகள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். பிறகு பியூஸ் இருந்த இடத்தில் கிளிப்பை மாட்டினாள். ஓட வேண்டியது எதுவும் இல்லாததால் ஆம்பியர் எண் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நின்றது.

பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். பூஜ்யம். கதவுகளை அடித்து மூடினேன். பூஜ்யம். ஒன்றும் இல்லை, விட்டுவிடுவோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அன்னைக்குக் கேட்டுல எப்படி நின்னீக?" என்றாள்.

"பிரேக்ல கால வச்சுக்கிட்டு."

"நாங்க பின்னாடி." அவள் கொஞ்ச நேரம் காரையே பார்த்தாள். பிறகு பவர் சப்ளையைத் தூக்கி முன் சீட்டில் என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறி நடுவில் உட்கார்ந்தாள். மகள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில்.

"ஏறி உக்காந்து பிரேக்க அழுத்துங்க."

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கால் எழவில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பேட்டரி இல்லை, பெட்ரோல் இல்லை, மூன்று வாளி மணல் இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"அழுத்துங்கங்க."

அழுத்தினேன். எண் ஒரே தாவலில் அரை ஆம்பியரில் போய் முட்டி நின்றது. பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எறங்கு. எறங்கு கீழ" என்று கத்திவிட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. கால எடுங்க."

எடுத்தேன். பூஜ்யம். மறுபடி அழுத்தச் சொன்னாள். அரை. அழுத்தியபடியே இருக்கச் சொல்லிவிட்டு, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவள் சீட்டிலிருந்து எழுந்தாள். பூஜ்யம். உட்கார்ந்தாள். அரை.

என் கால் பிரேக்கில் இருந்தது. அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பிரேக்கை அழுத்தினால் பின் விளக்குக்குக் கரண்ட் போகிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் அந்த ஒயர் நசுங்கி வண்டியின் உடம்பைத் தொடுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் நெருப்பு. தனியாக நான் ஓட்டிய மூன்று மாதமும் ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம். அன்று புகையைப் பார்த்துப் பயந்து நான் பிரேக்கை இன்னும் அழுத்தினேனே, அந்த நேரமெல்லாம் நானேதான் அதற்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேட்டரி இணைப்பைக் கழற்றியதால் அது அடங்கவில்லை. நான் காலை எடுத்துக் குதித்ததால் அடங்கியது.

பின் சீட்டைத் தூக்கினோம். துணி சுற்றிய பழைய ஒயர் சீட்டின் இரும்புச் சட்டத்துக்குக் கீழே மாட்டி நசுங்கியிருந்தது. புது உறை தைத்து சீட்டை மாட்டியவன் நான். ஒரு நக அளவுக்குச் செம்பு வெளியே தெரிந்தது. அது தொட்ட இடத்தில் தரைத் தகடு கருத்துக் குழிந்திருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு அட்டைத் தடுப்பு. அதன் கீழ் ஓரம் பழுத்த இலை நிறத்தில் காய்ந்திருந்தது. அட்டைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் டேங்க்.

என் மனைவி அந்த அட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "மாதாவே" என்றாள், சத்தமில்லாமல். பிறகு, "இம்புட்டுக்கும் இந்தப் பியூஸ் போகலையா?" என்றாள்.

நான் சொன்னேன். சாக்கோட்டை மழை, செம்புக் கம்பி, கருவேலங்காடு, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பவர் சப்ளையை அணைத்தாள். கிளிப்புகளைக் கழற்றி ஒயரைச் சுருட்டினாள்.

"மழையில அவசரத்துக்குக் கம்பி சுத்துனீக, சரி. யாரும் செய்யிறதுதான்" என்றாள். "நான் காலையில இருந்து வேற எடத்துல தேடிக்கிட்டிருந்தேன். பக்கத்துலயே நின்னு விசிறுனீக. அப்பவும் சொல்லல. நான் கண்டுபிடிக்கலைன்னா அந்த ஆளுக்கிட்ட அப்படியே தூக்கிக் குடுத்திருப்பீக, இல்லையா?"

ஆமாம் என்றேன்.

"அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்."

மகளிடம் சொல்லப் போனபோது இருந்த பயம் வேறு. புகை வந்த அன்று இருந்தது உடம்பின் பயம். இது அப்படி இல்லை. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துவைத்த சின்னச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

"நான் எந்திரிச்சிருந்தா நின்னுருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா. நான் காலை எடுத்திருந்தாலும் நின்னுருக்கும்."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள். பிறகு பிரித்து மறுபடி மடித்தாள். "சரிப்பா" என்றாள். அதற்குப் பிறகு நாலு நாள் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவை, மாத்திரை வேண்டுமென்றால் அம்மாவை. அவள் இருமினாலும் நான் வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவேன். ஐந்தாம் நாள், "அப்பா, இந்தக் காத்தாடி சத்தம் போடுது, பாருங்க" என்றாள். நான் ஏணி எடுக்க ஓடினேன். ஏணியில் ஏறி நின்று பார்த்தேன், மரை ஒன்று தளர்ந்திருந்தது. இறங்கும்வரை அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜருக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர், விருந்தாளிகள் விஷயம், வேண்டாம் சார் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பேத்தி மாசியில் பிறந்தாள். வாடகைக் காரில்தான் போனோம். பிரசவ அறையிலிருந்து அழுகைச் சத்தம் வரும்வரை நான் எந்தச் சாமிக்கும் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. கேட்பதற்கு முகம் இல்லை என்றிருந்தது.

மகள் புகுந்த வீட்டுக்குப் போன பிறகு நானும் மனைவியும் அந்தக் காரின் ஒயர் முழுவதையும் மாற்றினோம். இரண்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு ஒயரையும் போட்டு, அந்தப் பெட்டியில் மாட்டி, எண்ணைப் பார்த்து, அவள் நோட்டில் டிக் அடித்த பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி பியூஸ். பேட்டரியைத் துண்டிக்க டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சுவிட்ச். பின்கதவு இரண்டும் உள்ளிருந்து ஒரு விரலால் திறக்கிற மாதிரி செய்தேன்.

முதல் தடவை ஓட்டியபோது அவள் பின் சீட்டில்தான் உட்காருவேன் என்றாள். "சோதனை முழுசா முடியணும்ல" என்றாள். குன்றக்குடி ரோட்டில் மெதுவாகப் போனோம். வேண்டுமென்றே அடிக்கடி பிரேக் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் அவள் தலை லேசாக முன்னுக்கு வந்து போனது. மலை கண்ணுக்குத் தெரிகிற வளைவில் ஒரு புகை நாற்றம் வந்தது. நான் ஓரமாக நிறுத்தினேன். அவள் கதவைத் திறந்து இறங்கினாள், நானும் இறங்கினேன். ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றோம்.

வயலில் யாரோ சருகு கூட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்த பிறகும் நாங்கள் உடனே போய் ஏறவில்லை. தீ தணிந்து சாம்பலாகும்வரை அங்கேயே நின்று காரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.